மரம் மூடிக்கிச்சு, அப்பாவ எழுப்பு

எங்கள் வீட்டில் சாயங்காலம் ஆறு மணி ஆனதைக் கடிகாரம் பார்த்து யாரும் சொன்னதில்லை. அம்மா அடுப்படியிலிருந்தே குரல் கொடுப்பார்: "மரம் மூடிக்கிச்சு பாரு, அப்பாவ எழுப்பு." வாசலுக்குப் போய் நிமிர்ந்தால் தூங்குமூஞ்சி மரத்தின் இலைகள் எல்லாம் ஜோடி ஜோடியாக ஒட்டிக்கொண்டிருக்கும். காலையிலிருந்து பச்சையாக மூடியிருந்த இடத்தில் கிளைகளுக்கு நடுவே வானம் தெரியும். அதன் கீழே கயிற்றுக் கட்டிலில் அப்பா ஒருக்களித்துப் படுத்திருப்பார். நான் காலைத் தொட்டு எழுப்ப வேண்டும். தலையைத் தொட்டால் பதறி எழுந்துவிடுவார்.

நாங்கள் இருந்தது பெரம்பூரை ஒட்டிய ரயில்வே குவார்ட்டர்ஸில். அப்பாவுக்குப் பேசின் பிரிட்ஜ் யார்டில் வேலை. வெளியூர் போய்த் திரும்புகிற ரயில் பெட்டிகளை பிட் லைனில் நிறுத்தி, குழிக்குள் இறங்கி, பிரேக், சக்கரம், ஸ்பிரிங் எல்லாவற்றையும் டார்ச் அடித்துப் பார்ப்பார்கள். மாதத்தில் பாதி நாள் நைட் டியூட்டி. காலை ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்து குளித்து, பழைய சோறு சாப்பிட்டுப் படுத்தால்தான் ராத்திரி கண் விழிக்க முடியும். ஆனால் எங்கே படுப்பது? ஒரு அறை, ஒரு அடுப்படி, நடுவில் நாங்கள் மூன்று பிள்ளைகள். சித்திரை, வைகாசியில் பத்து மணிக்கே மேல்தளம் கொதிக்க ஆரம்பித்துவிடும். மின்விசிறி அந்தச் சூட்டைத்தான் சுற்றிச் சுற்றி இறக்கும். அதனால் அப்பாவின் படுக்கையறை எங்கள் வரிசை வீடுகளுக்கு எதிரே இருந்த அந்த மரத்தடிதான். அவர் மட்டுமில்லை, நைட் முடித்து வந்த இன்னும் நாலைந்து பேரின் கட்டில்களும் அங்கே கிடக்கும். அந்தப் பக்கம் பந்து விளையாடப் போனால் அடி விழும்.

அந்த மரம் பகல் முழுக்கக் குடை விரித்து நின்று, இவர்கள் வேலைக்குக் கிளம்புகிற நேரத்தில் தான் தூங்கப் போகும். காலையில் அப்பா சைக்கிளை ஸ்டாண்டு போடும்போது இலையெல்லாம் விரிந்திருக்கும். இரண்டு பேரும் ஷிஃப்ட் மாற்றிக்கொள்கிற மாதிரி. சின்ன வயதில் இதை நான் உண்மையாகவே நம்பினேன். அப்பாவுக்கு வாரம் மாறிப் பகல் டியூட்டி வந்தால், மரத்துக்கு அது தெரியுமா என்று அம்மாவிடம் கேட்டிருக்கிறேன்.

தூங்குமூஞ்சி என்ற பெயரை மட்டும் அப்போது எனக்குப் பிடிக்காது. காலையில் பள்ளிக்கு எழுப்பும்போது எனக்கும் அதே பெயர்தான் கிடைத்தது. ஒரு மரத்துக்கு இப்படியா பேர் வைப்பார்கள் என்று தோன்றும். இதற்கு அண்ணன் முறை என்று சொல்லத்தக்க நம்ம ஊர் வாகை மரத்தைப் பாருங்கள், போரில் வென்ற அரசன் அதன் பூவைச் சூடினான் என்பதால் இன்றைக்கும் தேர்தலில் ஜெயித்தவர் "வாகை சூடினார்" என்று பத்திரிகையில் எழுதுகிறோம். இரண்டும் ஒரே அவரைக் குடும்பம், பூவும் கிட்டத்தட்ட ஒரே சாயல்: இதழ் என்று எதுவும் பெரிதாகத் தெரியாது, மகரந்தத் தாள்கள்தான் பவுடர் பஃப் மாதிரி விரிந்து நிற்கும். தூங்குமூஞ்சியில் அந்த நூல்கள் அடியில் வெள்ளை, நுனியில் ரோஸ். கீழே உதிர்ந்ததைப் பொறுக்கிக் கன்னத்தில் தடவிக்கொண்டு பவுடர் போட்டதாக வைத்துக்கொள்வோம். வாகைக்கு வெற்றி, இதற்குத் தூக்கம். ஆனால் இந்தத் தூக்கத்துக்குள் எவ்வளவு வேலை நடக்கிறது என்று பெரியவளான பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன்.

ஒரு கொத்தைப் பறித்துப் பாருங்கள். இலைக்காம்பு கிளையோடு சேருகிற இடத்திலும், ஒவ்வொரு சிற்றிலை ஒட்டுகிற இடத்திலும் விரல் முட்டி மாதிரி ஒரு சின்னப் புடைப்பு இருக்கும். சூட்சுமம் எல்லாம் அதில்தான். அந்த முட்டியின் ஒரு பக்கத்து செல்களிலிருந்து பொட்டாசியம் உப்பு வெளியேறும், அதன் பின்னாலேயே தண்ணீரும் போகும், அந்தப் பக்கம் தளர்ந்துவிடும். எதிர்ப்பக்கத்து செல்களில் தண்ணீர் ஏறி அவை விறைக்கும். இலை மடங்கும். விடியும்போது இதே வேலை தலைகீழாக நடக்கும். தொட்டாச்சிணுங்கியைத் தொட்டால் சுருங்குவதும் இந்த மாதிரி முட்டியால்தான், அது நொடியில் செய்வதை இது சாயங்காலம் முழுக்க நிதானமாகச் செய்கிறது. புளியமரமும் ராத்திரி இலையை மூடும். எங்கள் தெருவில் எல்லோருக்கும் பிடித்த கொடுக்காப்புளியையும் இதையும் ஒரு காலத்தில் தாவரவியலில் ஒரே பேரினத்தில் வைத்திருந்தார்கள். இப்போது இதற்கு சமானியா சமான் என்று பெயர், சிலர் வாகையோடு சேர்த்து அல்பீசியா சமான் என்றும் எழுதுகிறார்கள்.

வெளிச்சம் குறைவதால்தானே மூடுகிறது என்று நினைப்போம். மேகம் கருத்தாலும் மூடிக்கொள்வதைப் பார்த்திருக்கிறோம், அதனால் அதுவும் உண்மைதான். ஆனால் அது மட்டும் இல்லை. 1729இல் டி மேரான் என்ற பிரெஞ்சு வானியலாளர் தொட்டாச்சிணுங்கி வகைச் செடி ஒன்றை இருட்டில் வைத்துப் பார்த்தார். வெயிலே படாமல் அது பகலில் விரிந்து ராத்திரியில் மூடியது. செடிக்குள்ளேயே ஒரு கடிகாரம் ஓடுகிறது என்ற எண்ணம் அங்கேதான் தொடங்கியது. அதற்குப் பல தலைமுறை கழித்து, 1970களில், ரூத் சாட்டர் என்ற அமெரிக்கத் தாவரவியலாளர் அந்தக் கடிகாரம் எப்படி இலையை நகர்த்துகிறது என்று ஆராய எடுத்துக்கொண்ட செடிகளில் ஒன்று இதே தூங்குமூஞ்சி. தொடர்ந்து இருட்டில் வைத்தாலும் அந்த முட்டிக்குள் பொட்டாசியம் வேளை தவறாமல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்வதை அவர் அளந்து காட்டினார். அவர் இறந்த பிறகு, கணிதவியலாளரான அவருடைய சகோதரி ஜோன் பிர்மன் அவர் பெயரில் பெண் கணிதவியலாளர்களுக்கு ஒரு பரிசை ஏற்படுத்தினார். அது இன்றும் அமெரிக்கக் கணிதச் சங்கத்தால் வழங்கப்படுகிறது.

இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை. எங்கள் அம்மா கடிகாரமாகப் பயன்படுத்திய மரம் உண்மையிலேயே உள்ளே ஒரு கடிகாரம் வைத்திருக்கிறது, அது எப்படி இலையை நகர்த்துகிறது என்று கண்டுபிடிக்க ஒரு பெண் வருடக்கணக்கில் உழைத்திருக்கிறார்.

இலை மூடுவதால் இன்னொரு லாபம் உண்டு, அது கீழே இருக்கிறவர்களுக்கு. மழை வரும்போது வானம் மங்கி இலை மூடிக்கொண்டால் தண்ணீர் மேலே தங்காமல் நேரே மண்ணுக்கு வந்துவிடும். அடர்ந்த மாமரத்தடியில் புல் முளைக்காது, இதன் அடியில் முளைக்கும். அவரைக் குடும்பம் என்பதால் வேர் முடிச்சுகளில் நைட்ரஜன் வேறு சேர்கிறது. ஆங்கிலத்தில் இதை மழை மரம் என்கிறார்கள். மழைக்கு முன்னால் மூடுவதால் வந்த பெயர் என்று சிலர் சொல்வார்கள், கிளையில் உட்கார்ந்து சாறு உறிஞ்சுகிற சிள்வண்டுகள் பீய்ச்சும் துளிகள் தூறல் மாதிரி விழுவதால் என்று சிலர். அந்தத் தூறலை நான் முகத்தில் வாங்கியிருக்கிறேன், அதனால் இரண்டாவது கதைதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

அப்புறம் காய். மாசி, பங்குனி வெயிலில் கறுத்துக் காய்ந்து, ஒரு சாண் நீளத்துக்கு, பொத்துப் பொத்தென்று விழும். வாகை நெற்று வெடித்துக் காற்றில் சலசலக்கும், இது வெடிக்காது, உள்ளே பிசுபிசுவென்று இனிப்பான சதை. வண்டிச் சக்கரம் ஏறி நசுங்கினால் தெருவே வெல்லப்பாகு வாசம். எங்கள் வரிசையில் கடைசி வீட்டு ஆயா ஏழெட்டு ஆடு வளர்த்தார். "கண்ணு, கோணி நிறையப் பொறுக்கினு வா" என்பார், ஒரு கோணிக்கு ஆளுக்கு இரண்டு கடலை மிட்டாய். ஆடுகள் அந்தக் காயைக் கடிப்பதைப் பார்க்க வேண்டுமே, கண்ணை மூடிக்கொண்டு மெல்லும். நாங்களும் தின்று பார்த்தோம், முதலில் இனிப்பு, பிறகு தொண்டையில் ஒரு கரகரப்பு. இது பிறந்த தென் அமெரிக்கா, நடு அமெரிக்கா பக்கம் அந்தச் சதையைக் கரைத்துப் பானமாகக் குடிக்கிறார்கள் என்று படித்தபோது ஆச்சரியமாக இல்லை. மாடு தின்றால் விதை செரிக்காமல் சாணத்தோடு வெளியே வந்து முளைக்கும். வடசென்னையில் மாடுகளுக்குப் பஞ்சமா?

வெளிநாட்டு மரம்தான், மறுக்கவில்லை. 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் காலத்தில் நிழலுக்காகக் கொண்டுவந்து சாலை ஓரங்களிலும் மைதானங்களிலும் குடியிருப்புகளிலும் வைத்தார்கள். இதன் சொந்த மண்ணில் எப்படி வளரும் என்பதற்கு ஒரு கணக்கு: 1800இல் ஹம்போல்ட் என்ற ஜெர்மன் இயற்கை ஆய்வாளர் வெனிசுவேலாவில் மாரகாய் ஊர்ப் பக்கம் ஒரு மரத்தைப் பார்த்து, அதன் குடையின் சுற்றளவு 576 அடி என்று எழுதி வைத்தார். உயரம் அவ்வளவு இல்லை. மேலே போவதைவிடப் பக்கவாட்டில் விரிவதுதான் இதன் குணம். ஹவாயில் ஒரு தூங்குமூஞ்சியை ஹிட்டாச்சி நிறுவனம் 1973 முதல் தன் விளம்பரத்தில் காட்டி வருகிறது, அந்த மரத்தின் படத்தைப் பயன்படுத்தவே அது நிற்கிற தோட்டத்தின் உரிமையாளருக்குப் பணம் கொடுக்கிறார்கள். படத்தைப் பார்த்தவுடன் நான் கட்டில்களைத்தான் தேடினேன்.

இனி எழுதப்போவதுதான் எனக்குக் கஷ்டமானது.

2016 டிசம்பர் 12, வர்தா புயல். முதலமைச்சர் இறந்து ஒரு வாரம் ஆகியிருந்தது, ஊரே அடங்கிக் கிடந்தது. அப்பா ஓய்வு பெற்று, குவார்ட்டர்ஸைக் காலி செய்து, நாங்கள் செம்பியம் பக்கம் வாடகை வீட்டுக்கு வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. காலையிலிருந்து அடித்த காற்று மத்தியானத்துக்கு மேல் திடீரென்று நின்றது. புயலின் கண் தலைக்கு மேலே போகிறது என்று பிறகுதான் தெரிந்தது. முடிந்தது என்று ஜன்னலைத் திறந்தோம். கொஞ்ச நேரத்தில் எதிர்த் திசையிலிருந்து மறுபடி அடித்தது. ஒரு பக்கம் வளைத்து வேரைத் தளர்த்திவிட்டு, மறுபக்கம் வளைத்து முறித்த காற்று அது.

மறுநாள் கரண்ட் இல்லை, போன் இல்லை. அப்பா சட்டையைப் போட்டுக்கொண்டு, "வா, மரத்தப் பாத்துட்டு வரலாம்" என்றார். அரை மணி நேரத்தில் போகிற இடத்துக்கு இரண்டு மணி நேரம் ஆனது, கிளைகளுக்குள் புகுந்தும் அடிமரங்களைத் தாண்டியும் போக வேண்டியிருந்தது. எங்கள் மரம் பழைய வீட்டுக்கு எதிரே குறுக்கே கிடந்தது. யார் மேலும் விழவில்லை. இலைகள் பாதி மூடியும் மூடாமலும் இருந்தன, வேரோடு சாய்ந்து ஒரு ராத்திரி ஆன பிறகும்.

அப்பா நேரே அடிப்பக்கம் போனார். வேரெல்லாம் மண்ணோடு ஆளுயரத்துக்கு நிமிர்ந்து நின்றது. ஒரு பக்கத்து வேர்கள் கிழிந்து நார் நாராகத் தொங்கின. இன்னொரு பக்கம், தொடை கனத்தில் நாலைந்து வேர்கள், வாளால் வெட்டின மாதிரி வழவழவென்று முடிந்திருந்தன. வெட்டு வாய் கறுத்துப் பழசாகியிருந்தது. புயலுக்கு முன்பே ஏதோ புதைப்பதற்காக அந்த ஓரமாகப் பள்ளம் தோண்டியிருக்கிறார்கள். மீதி இடத்தில் அடிமரத்தை ஒட்டி சிமென்ட் போட்டிருந்தார்கள். அப்பா அந்த வெட்டு வாயில் கையை வைத்துக்கொண்டு, "இது காத்து அறுத்த வேர் இல்லம்மா" என்றார். அவர் முப்பத்தைந்து வருடம் இரும்பில் விரிசல் தேடியவர், எது எதனால் முறிந்தது என்று கை வைத்தால் தெரியும்.

அந்த வாரம் முழுக்க ஊரில் ஒரே பேச்சு: வெளிநாட்டு மரமெல்லாம் விழுந்தது, வேம்பும் பூவரசும் நின்றது, இனிமேல் நாட்டு மரம் மட்டும்தான் வைக்க வேண்டும். அதில் உண்மை இருக்கிறது. குல்மோகரும் இயல்வாகையும் தூங்குமூஞ்சியும் நிறைய விழுந்தன, இவற்றின் வேர் ஆழம் போவதைவிட மேலாகப் பரவும், அதன் மேலே இவ்வளவு அகலக் குடை. குறுகலான தெருவில் புதிதாக ஒன்று வைக்க வேண்டுமென்றால் நானும் புங்கன் வையுங்கள் என்றுதான் சொல்வேன், அதுவும் அவரைக் குடும்பம்தான், நிழலும் நல்ல நிழல். ஆனால் மேலாகப் பரவுகிற வேரைப் பாதிக்கு மேல் வெட்டிவிட்டு, கீழே சிமென்டால் மூடிவிட்டு, மின்கம்பிக்கு இடைஞ்சல் என்று ஒரு பக்கத்துக் கிளையை மட்டும் கழித்து எடையைச் சாய்த்துவிட்டு, பிறகு விழுந்ததும் அது எந்த நாட்டு மரம் என்று கேட்பது அநியாயம். எந்த மரமாக இருந்தாலும் அந்த நிலையில் நிற்காது.

இதைச் சொல்வதற்குக் காரணம், மிச்சம் நிற்கிற மரங்கள். அயனாவரத்திலும் பெரம்பூரிலும் பழைய குடியிருப்புகளில் இன்னும் பெரிய தூங்குமூஞ்சிகள் இருக்கின்றன. பூ விழுந்து கார் பிசுபிசுக்கிறது, காய் செருப்பில் ஒட்டுகிறது, கம்பளிப்பூச்சி வருகிறது என்று அடியோடு வெட்டச் சொல்லிக் கேட்கிறவர்களை எனக்குத் தெரியும். காரைக் கழுவிக்கொள்ளலாம். உங்கள் தெருவில் ஒன்று இருந்தால் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். அடிமரத்தைச் சுற்றி சிமென்டை எடுத்துவிட்டு மண் தெரிய விடுங்கள், முடிந்த அளவு அகலமாக. ஐப்பசி மழைக்கு முன்பே காய்ந்த கிளைகளையும் ரொம்ப நீண்டவற்றையும் தெரிந்த ஆளை வைத்து எல்லாப் பக்கமும் சமமாகக் கழியுங்கள். யாராவது பக்கத்தில் பள்ளம் தோண்ட வந்தால் வெளியே வந்து நில்லுங்கள், வேர் எங்கே ஓடுகிறது என்று காட்டி, கொஞ்சம் தள்ளித் தோண்டச் சொல்லுங்கள். நான் இரண்டு தடவை நின்றிருக்கிறேன். ஒரு தடவை கேட்டார்கள்.

வர்தாவுக்கு அடுத்த கோடையில் அப்பா பழைய குவார்ட்டர்ஸ் பக்கமே நடக்கப் போய், தப்பித்த வேறொரு மரத்தடியிலிருந்து மேல்துண்டில் நாலு காய் முடிந்துகொண்டு வந்தார். விதையின் ஓடு ரொம்பக் கெட்டி, அப்படியே போட்டால் முளைக்க நாளாகும். நகவெட்டியால் ஒரு ஓரத்தில் லேசாகக் கீறி, ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டு, பெயின்ட் டப்பாவில் மண் நிரப்பிப் போட்டோம். ஒரு வாரத்துக்குள் முளைத்தது. நாலு விரல் உயரம், மொத்தமே இரண்டு மூன்று கொத்து இலைதான். சாயங்காலம் ஆறு மணிக்கு அம்மா துணி எடுக்க மாடிக்குப் போனவர் அங்கிருந்தே கத்தினார், அதுவும் மூடிக்கொண்டிருந்தது.

மாடியில் எத்தனை நாள் வைப்பது? இதற்கு வேண்டியது இடம், அது எங்களிடம் இல்லை. தொட்டி மாற்றி மாற்றி, வேர் சுருண்டுகொள்ளாமல் பார்த்து, கடைசியில் சித்தப்பா மீஞ்சூர் தாண்டி வாங்கிப்போட்ட மனையில், வீடு கட்டப்போகிற மூலைக்கு நேர் எதிர் மூலையில், மழைக்காலத்தில் கொண்டுபோய் வைத்தோம். முதல் வருடம் சவுக்குக் கம்பு கட்டி நிறுத்தி, ஆடு கடிக்காமல் முள் வைத்தோம். அப்புறம் அதுவே பார்த்துக்கொண்டது.

அப்பாவுக்கு இப்போது ராத்திரித் தூக்கம் சரியாக இல்லை. ஓய்வு பெற்று இத்தனை வருடம் ஆகியும் ஒரு மணிக்குக் கண் திறந்துவிடுகிறது, எழுந்து உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பார். டாக்டர் பகலில் தூங்காதீர்கள் என்று சொல்லியிருக்கிறார், வீட்டில் நாங்களும் விடுவதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மீஞ்சூருக்குப் போயிருந்தோம். மரம் என் உயரத்துக்கு இரண்டு பங்கு வந்துவிட்டது, இப்போதே பக்கவாட்டில் கை நீட்ட ஆரம்பித்திருக்கிறது. நிழல் இன்னும் ஒரு துண்டு விரிக்கிற அளவுதான். அப்பா சாப்பிட்டுவிட்டு அந்தத் துண்டை விரித்து, ஒருக்களித்துப் படுத்தார். அன்றைக்கு நாங்கள் யாரும் எதுவும் சொல்லவில்லை. நிழல் நகர நகர அவரும் தூக்கத்திலேயே கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தார். இலையெல்லாம் ஒட்டிக்கொண்ட பிறகு நான் போய்க் காலைத் தொட்டு எழுப்பினேன்.